தும்மினால் கசிகிறதா? இடுப்புத் தளத் தசைச் சிகிச்சைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

இரண்டாவது மகன் பிறந்து ஏழு வருடம் கழித்துத்தான் நான் இந்தச் சிகிச்சைக்குப் போனேன். அதுவரை, நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் காலை வழிபாட்டின்போது இருமல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பேன். வெளிர் நிறச் சேலை கட்டுவதையே விட்டிருந்தேன். கைப்பையில் எப்போதும் ஒரு நாப்கினும் ஒரு மாற்று உள்பாவாடையும் இருக்கும். அம்மாவிடம் சொன்னபோது, "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான், எனக்கும்தான் இருக்கு" என்றார். ஒரு மருத்துவர், "தொந்தரவா இருந்தா கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். வீடியோ பார்த்து நானாகவே நான்கு மாதம் கெகல் பயிற்சி, அதாவது இடுப்புத் தளத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி, செய்தேன். கசிவு கூடத்தான் செய்தது.

அந்த நான்கு மாதம் நான் என்ன தப்பு செய்தேன் என்பது தெரிந்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தப் பிரச்சினையோடு முதல்முறையாக சிகிச்சை தேடுகிற ஒருவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ அதை வரிசையாகச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, நோயாளியாகப் போய்க் கற்றுக்கொண்டவள். அதனால் உங்கள் உடம்பை நேரில் பார்க்கிறவர் சொல்வதற்கே முதலிடம் கொடுங்கள்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது

அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, ஒரு தூளி மாதிரி கட்டப்பட்டிருக்கிறது இடுப்புத் தளத் தசை. ஒரே தசை இல்லை, பல தசைகள் சேர்ந்த ஒரு தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. தாங்குவது, தேவையான நேரம் மூடுவது, தேவையான நேரம் திறப்பது என்று அதற்கு மூன்று வேலை.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், அப்படியே தூக்கினால் பை மேலே வரும். கயிற்றைத் தளர்த்தினால் வாய் அகலமாக விரியும். கயிறு தொய்ந்துபோன பையிலிருந்து சில்லறை சிந்தும். முடிச்சு விழுந்து இறுகிய பையில் கையே நுழையாது. என் சிகிச்சையாளர் முதல் நாள் சொன்ன உவமை இது. இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்கவில்லை.

மூச்சுக்கும் இந்தத் தசைக்கும் தொடர்பு உண்டு. மூச்சை இழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும். கூடவே இடுப்புத் தளமும் சற்று இறங்கித் தளரும். மூச்சை விடும்போது இரண்டும் மேலே ஏறும். பின்னால் சொல்லப்போகிற பயிற்சிகளுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

உங்களுக்கு எது: தொய்வா, இறுக்கமா?

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்காமலேயே சுருக்கிச் சுருக்கிப் பழக ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தசை தொய்ந்து பலவீனமாக இருந்தால் தும்மல், இருமல், சிரிப்பு, குடம் தூக்குதல், ஸ்கூட்டர் வேகத்தடையில் ஏறி இறங்குதல் போன்ற நேரங்களில் சிறுநீர் கசியும். காற்று பிரிவதை அடக்க முடியாது. சாயங்காலம் ஆனால் கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி, ஒரு பாரம் தொங்குகிற மாதிரி இருக்கும். நம்மூரில் 'அடி இறங்குது' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

தசை இறுகியிருந்தால் வேறு மாதிரி. சிறுநீர் விட்டு விட்டு வரும், போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருப்பது போலவே தோன்றும். மலம் இளக்கமாக இருந்தும் வெளியேறாது. வால் எலும்புப் பக்கம் வலிக்கும். தாம்பத்திய உறவு வலிக்கும், சிலருக்கு உறவே முடியாமல் போகும். சிறுநீர்க் கடுப்பு என்று பரிசோதனை செய்தால் தொற்று எதுவும் இல்லை என்று வரும், ஆனாலும் கடுப்பு இருக்கும். திருமணமாகிப் பல வருடம் உறவே கொள்ள முடியாத நிலையில், அதை வெளியே சொல்லவும் முடியாமல், குழந்தையின்மை மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பதிகள் உண்டு. அது பெண்ணின் பிடிவாதமோ விருப்பமின்மையோ இல்லை. அவள் கட்டுப்பாட்டை மீறித் தசை தானாக இறுகிக்கொள்கிறது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

இந்த இரண்டாவது வகையினர் கெகல் பயிற்சி செய்யவே கூடாது, சிகிச்சையாளர் சொல்லும்வரை. இறுகிய முடிச்சை இன்னும் இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

இரண்டும் கலந்தும் வரும். எனக்கு அப்படித்தான். தசை எப்போதும் பாதி இறுகியே கிடந்தது. அதனால் தும்மல் வரும் கணத்தில் சுருங்குவதற்கு அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை. மடக்கியே வைத்திருந்த கையால் திடீரென்று பாரம் தூக்கச் சொன்ன மாதிரி.

முதலில் மருத்துவரிடம் போங்கள்

மகப்பேறு மருத்துவரோ சிறுநீரியல் மருத்துவரோ ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் எளிய விஷயங்கள், கட்டாயம் செய்யுங்கள். அடிக்கடி சிறுநீர் போவதற்குக் காரணம் சர்க்கரையாக இருந்தால் எந்தத் தசைப் பயிற்சியும் உதவாது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் சிறுநீரைப் பெருக்கும். எல்லா மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு கடுப்பு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, பிறப்புறுப்பு வழியே சதை வெளியே தெரிவது ஆகியவை இருந்தால் பிசியோதெரபிக்கு முன் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் போக முடியாமல் திடீரென அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி அது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்த ஒரு வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: "இருமும்போது சிறுநீர் கசிகிறது. இடுப்புத் தளத் தசைக்குப் பிசியோதெரபி செய்துகொள்ள விரும்புகிறேன், பரிந்துரை தாருங்கள்." நான் அப்படித்தான் கொடுத்தேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எதற்காக என்று கேளுங்கள். கசிவு மட்டும்தான் பிரச்சினை என்றால் கர்ப்பப்பையை எடுப்பது அதற்குத் தீர்வு ஆகாது. கர்ப்பப்பை இறக்கம் தொடக்க நிலையில் இருந்தாலும் முதலில் தசைப் பயிற்சியைத்தான் முயன்று பார்க்க வேண்டும். அதிகமாக இறங்கியிருந்தால் உள்ளே வைத்துத் தாங்கும் சிலிக்கோன் வளையம் இருக்கிறது, அதற்கப்புறம்தான் அறுவைச் சிகிச்சை.

மூன்று நாள் நோட்டு

சிகிச்சையாளரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எவ்வளவு குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். அளக்க மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். கழிப்பறையிலேயே வைத்துவிடுங்கள்.

சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு வரும். சாதாரணமாக 400 மில்லிக்கு மேலும் அது தாங்கும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 முறை போவது இயல்பு, இரவில் ஒருமுறை எழுந்தால் பரவாயில்லை. என் நோட்டில் சில தடவை 60 மில்லி, 80 மில்லி என்று இருந்தது. 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்று வகுப்பு தொடங்கும் முன், பேருந்து ஏறும் முன், கடைக்குக் கிளம்பும் முன் போய்ப் போய், பை நிரம்புவதற்கு முன்பே கூப்பிடும்படி அதைப் பழக்கிவிட்டிருந்தேன். இன்னொரு பக்கம், பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் காலை 9 முதல் மாலை 4 வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். அதுவும் தவறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை எரிச்சலூட்டும், அவசரம் கூடும், மலமும் இறுகும். ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிற பெண்களுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. உட்காரக் கிடைத்த அந்த உரிமை போலவே நிம்மதியாகக் கழிப்பறை போகும் உரிமையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், நாள் முழுக்கப் பிரித்து. காபி, டீ அவசரத்தைத் தூண்டும். நான் நான்கு டம்ளரை இரண்டாகக் குறைத்தேன். அதற்கே வித்தியாசம் தெரிந்தது.

யாரிடம் போவது, அங்கே என்ன நடக்கும்

பிசியோதெரபி படித்த எல்லோரும் இதைச் செய்வதில்லை. பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்து, பெண்கள் உடல்நலத்திலோ இடுப்புத் தளச் சிகிச்சையிலோ தனியாகப் பயிற்சி எடுத்தவர் வேண்டும். சிலர் முதுநிலைப் பட்டமான எம்.பி.டி.யில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவையே படித்திருப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவு உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனையில் இதற்குப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று அங்கேயே விசாரியுங்கள். தனியார் என்றால் போனிலேயே நான்கு கேள்வி கேட்டுவிடலாம்: சிறுநீர்க் கசிவுக்குச் சிகிச்சை தருகிறீர்களா? உள்பரிசோதனை செய்யப் பயிற்சி உண்டா? பெண் சிகிச்சையாளரா? தனி அறையா, திரை மட்டுமா?

தசையைச் சோதிக்காமலேயே மின்தூண்டல் இயந்திரத்தை மட்டும் மாட்டி, பத்து நாள் வரச் சொல்கிற இடங்களைத் தவிர்த்துவிடலாம். சுருக்கவே தெரியாதவருக்கு அந்த இயந்திரம் ஒரு துணை, அவ்வளவுதான்.

முதல் நாள் பெரும்பகுதி பேச்சுத்தான். பிரசவங்கள், தையல்கள், ஆயுதப் பிரசவமா, மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், உறவின்போது வலி என்று எல்லாம் கேட்பார்கள். எதையும் மறைக்காதீர்கள். அப்புறம் நீங்கள் நிற்பது, மூச்சு விடுவது, வயிற்றுத் தசை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கடைசியில், நீங்கள் சம்மதித்தால் மட்டும், கையுறை போட்ட ஒரு விரலால் உள்பரிசோதனை. மகப்பேறு மருத்துவர் போடும் இரும்புக் கருவியெல்லாம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம், உடன் வந்தவரை அருகில் வைத்துக்கொள்ளலாம். திருமணமாகாதவர்களுக்கும் உள்பரிசோதனையை விரும்பாதவர்களுக்கும் வெளியிலிருந்து பார்த்தோ, அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்தோ தசை அசைவதைப் பார்க்கிற வழி இருக்கிறது.

"இப்ப சுருக்குங்க அக்கா" என்றார் என் சிகிச்சையாளர். சுருக்கினேன். "நீங்க சுருக்கல, முக்குறீங்க. மூச்சையும் பிடிச்சிருக்கீங்க" என்றார். நான்கு மாதம் நான் செய்தது அதுதான். மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டு, தினமும் மூன்று வேளை கீழே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருத்தியின் தவறு இல்லை. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாய்வார்த்தையாக மட்டும் விளக்கிச் செய்யச் சொன்னபோது ஏறக்குறைய பாதிப் பெண்களால்தான் சரியாகச் செய்ய முடிந்தது. நான்கில் ஒருவர் கசிவை அதிகப்படுத்தக்கூடிய விதத்தில் செய்தார். இந்தப் பயிற்சியை 1948-இல் பிரபலமாக்கிய அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல், வெறும் வாயால் சொல்லி அனுப்பவில்லை. தொட்டுப் பார்த்து, அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றையும் வடிவமைத்து, நோயாளி தன் சுருக்கத்தைத் தானே கண்ணால் பார்க்கும்படி செய்தார். ஊர் ஊராகப் பரவியபோது அந்தப் பாதி விடுபட்டு, 'சுருக்கு' என்ற சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பெண்ணாகச் சொல்வார்கள். எனக்கு 2. மூன்று விநாடி பிடிக்க முடிந்தது, நான்கு முறைக்கு மேல் முடியவில்லை. இந்த எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயிற்சியின் அளவு இதிலிருந்துதான் வரும்.

விடக் கற்றுக்கொள்வது

முதல் மூன்று வாரம் எனக்குச் சுருக்கும் பயிற்சியே தரவில்லை.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். வயிற்றுக் கை மட்டும் உயர வேண்டும். அப்படி இழுக்கும்போது சுருக்குப் பையின் கயிறு தளர்ந்து வாய் விரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயைச் சுற்றி ஒரு மென்மையான இறக்கம் தெரியும். முக்கக் கூடாது, தானாக இறங்க விட வேண்டும். வாயால் மெல்ல ஊதி விடுங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை.

படுக்க நேரமில்லை என்றால் மர நாற்காலியில் ஒரு துண்டைச் சுருட்டி நீளவாக்கில் வைத்து அதன்மேல் உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது அந்த இடம் துண்டின்மேல் பரவுவது நன்றாகத் தெரியும். எனக்கு விளங்கியது இப்படி உட்கார்ந்தபோதுதான்.

தாடையைக் கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கீழேயும் இறுக்கிக்கொண்டிருப்போம், இது பலருக்கும் உண்டு. வயிற்றை எப்போதும் உள்ளே இழுத்துப் பிடித்து நடப்பதையும் விட்டுவிடுங்கள். யோகாவில் குழந்தை ஆசனம் தெரிந்தவர்கள் முழங்கால்களை அகல விரித்து அதில் இரண்டு நிமிடம் இருக்கலாம்.

இறுக்கம் அதிகமாக இருந்தால் சிகிச்சையாளர் விரலால் உள்ளே முடிச்சு விழுந்த இடங்களை மெல்ல அழுத்தித் தளர்த்துவார். உறவின்போது வலி இருப்பவர்களுக்கு, சிறியதிலிருந்து பெரியதாகப் படிப்படியாகப் போகும் வழுவழுப்பான குழாய்களைக் கொடுத்து வீட்டிலேயே பழகச் சொல்வார்கள். அவசரப்படவே கூடாத சிகிச்சை அது. கணவரும் ஒருமுறை கூட வந்து விளக்கத்தைக் கேட்டுவிட்டால் வீட்டில் பாதி பாரம் குறையும்.

சுருக்கக் கற்றுக்கொள்வது

சிகிச்சையாளர் பச்சைக்கொடி காட்டியதும் இதற்கு வாருங்கள்.

படுத்தபடியே, மூச்சை விடத் தொடங்கும்போது, காற்றுப் பிரிவதை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, உள்ளே, மேலே தூக்குங்கள். கயிற்றை இழுத்துப் பையைத் தூக்குவதுதான் இது. பிட்டமும் தொடையும் அசையக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் சுருக்கியபடியே ஒன்று முதல் ஐந்து வரை வாய்விட்டு எண்ணுங்கள், பேச முடிந்தால் மூச்சைப் பிடிக்கவில்லை. ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கலாம். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்வாங்கினால் சரி. வெளியே புடைத்தால் முக்குகிறீர்கள், நிறுத்திவிடுங்கள்.

உங்களால் எத்தனை விநாடி முடியுமோ அத்தனை விநாடி பிடித்து, முழுவதும் விடுங்கள். பிடித்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓய்வு. அந்த ஓய்வும் பயிற்சிதான், அதை வெட்டாதீர்கள். நான் மூன்று விநாடி, நான்கு முறையில் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு விநாடி என்று கூட்டி, பத்து விநாடி பத்து முறைக்கு வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆனது. இவற்றோடு, சட்டென்று சுருக்கி உடனே விடும் வேகச் சுருக்கங்களும் பத்து வேண்டும். நெடுநேரம் தாங்குகிற தசையிழைகள் வேறு, திடீர் தும்மலுக்கு ஓடிவருகிற இழைகள் வேறு.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம், நாளுக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம் என்கிறது. படுத்துச் செய்வது எளிதானதும் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே என்று ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நிற்கும் கட்டம் வந்தபின் குக்கர் மூன்றாவது விசிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கினேன். மறக்காமல் நடந்தது.

சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லி இன்னும் பலர் எழுதுகிறார்கள். வேண்டாம். பை முழுவதும் காலியாகாமல் தங்கும் பழக்கம் அதனால் வரும்.

யோகாவில் அடித் தசைகளைச் சுருக்கிப் பிடிக்கும் மூலபந்தம் பழகியவர்கள் 'இது அதுதானே' என்பார்கள். ஒற்றுமை உண்டு. ஆனால் இறுக்கப் பிரச்சினை இருப்பவர்களுக்கு அதுவும் ஆகாது. பிடித்து வைப்பதில் இருக்கும் கவனம் விடுவதிலும் வேண்டும்.

தும்மல் வரும் அந்த அரை விநாடி

பலம் வரும்வரை காத்திருக்காமல் முதலில் கைகொடுக்கும் உத்தி இது. தும்மல், இருமல் வருவது தெரிந்ததும், அதற்குச் சற்று முன்பே சுருக்கித் தூக்கிப் பிடியுங்கள். தும்மி முடிந்ததும் விடுங்கள். 1998-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வயது முதிர்ந்த பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது, ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது வெகுவாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பலமாகிவிடாது, நேரம் பிடிபட்டதுதான் காரணம்.

பாரம் தூக்குவதற்கும் இதே முறைதான். தண்ணீர்க் குடம், 25 கிலோ அரிசிச் சிப்பம், தூங்கிவிட்ட பிள்ளை என்று எதைத் தூக்கினாலும், முதலில் சுருக்கி, மூச்சை ஊதி விட்டபடியே தூக்குங்கள். மூச்சைப் பிடித்து 'ம்ம்' என்று தூக்கினால் அத்தனை அழுத்தமும் கீழே போய் இறங்கும்.

கதவருகே வந்ததும் முட்டும் அவசரம்

சிலருக்குத் தும்மலில் எதுவும் ஆகாது. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்து சாவியைப் பூட்டில் நுழைத்ததும் தாங்க முடியாத அவசரம் வரும். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டாலும் வரும். அவசரம் வந்ததும் ஓடுவதுதான் நாம் செய்கிற தவறு. ஓடினால் வயிற்றின் அழுத்தம் கூடும், கழிப்பறை வாசலிலேயே கசிந்துவிடும்.

நில்லுங்கள். முடிந்தால் உட்காருங்கள். ஐந்தாறு வேகச் சுருக்கங்கள் செய்யுங்கள். அந்தச் சுருக்கம் சிறுநீர்ப்பைக்கு 'பொறு' என்று சொல்கிற சமிக்ஞை. மூச்சை நிதானமாக விட்டபடி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து எண்ணுங்கள், கவனம் திரும்பும். அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கிய பிறகு நடந்து போங்கள். அரை மணிக்கு ஒருமுறை போகிறவர்கள் இப்படியே வாரம் ஒருமுறை 10, 15 நிமிடம் தள்ளித் தள்ளி, மூன்று மணி நேர இடைவெளிக்கு வரலாம். இதற்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள்.

கழிப்பறையில் உட்காரும் விதம்

முக்கிப் போகிற பழக்கம் இருக்கும்வரை மற்ற பயிற்சியெல்லாம் ஓட்டைப் பானையில் நீர்தான். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வார் மாதிரி முன்னோக்கி இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் அந்த வளைவு நிமிர்ந்து வழி திறக்கும். நம்மூர்க் கழிப்பறையின் நன்மை இது. முழங்கால் வலியால் மேல்நாட்டுக் கழிப்பறைக்கு மாறியவர்கள், அரையடி உயர மணையில் பாதங்களை வைத்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்காருங்கள். வயிறு முன்னால் தளரட்டும். 'ஸ்ஸ்' என்று மூச்சை விட்டபடியே போக விடுங்கள். கொய்யா, கீரை, வாழைத்தண்டு தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

பெண்கள் சிறுநீர் போகும்போதும் அவசரத்தில் தள்ளக் கூடாது. பொதுக் கழிப்பறையில் அரைகுறையாக நின்றபடி போனால் தசை தளராது. சுத்தமில்லை என்ற பயம் நியாயம்தான், அதற்கு ஒரு காகிதத்தை விரித்தாவது உட்கார்ந்துவிடுங்கள்.

பிரசவமானவர்கள், ஆண்கள்

சிசேரியன்தானே, நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். ஒன்பது மாதம் சுமந்த பாரமே தசையை இழுத்திருக்கும். பிரசவத்துக்குப் பின் வலியில்லாத மெல்லிய சுருக்கங்களையும் வயிற்று மூச்சையும் சில நாட்களிலேயே தொடங்கலாம், தையல் ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்பரிசோதனை பொதுவாக ஆறு வாரம் கழித்துத்தான். வயிறு போடக் கூடாது என்று சேலையை இறுக்கிக் கட்டும் வழக்கத்தில் ஒரு எச்சரிக்கை. இதமான தாங்கல் நல்லது, மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும்.

ஆண்களுக்கும் இந்தத் தசை உண்டு. புராஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவு இருப்பவர்களுக்கு இதே பயிற்சிதான். முடிந்தால் அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டு போவது நல்லது.

எப்போது தெரியும்

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறாவது வாரம் நாப்கின் எண்ணிக்கை நாளுக்கு மூன்றிலிருந்து ஒன்றானது. மூன்றாம் மாத முடிவில் என் மதிப்பெண் 4. பன்னிரண்டு வாரத்தில் எட்டு முறை நேரில் போனேன், மற்றதெல்லாம் வீட்டில். எடை கூடியவர்களுக்கு உடல் எடை 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கசிவு கணிசமாகக் குறையும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவலாம், மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்று மாதம் முறையாகச் செய்தும் அசையவில்லை என்றால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அதே நோட்டோடு மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை, அவசரத்துக்கு மாத்திரை, சிறுநீர்க் குழாயைத் தாங்கும் பட்டை வைக்கும் அறுவை என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. சரியாகிவிட்டவர்கள் நாளுக்கு ஒருவேளையாவது தொடருங்கள், முழுவதும் விட்டால் தசை பழையபடி தளரும்.

என் அம்மாவுக்கு 68 வயது. போன வருடம் அவரையும் கூட்டிப்போனேன். உள்பரிசோதனை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அடிவயிற்றில் கருவி வைத்துத் திரையில் தசை ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். "இதுவா இத்தனை நாளா என்னைப் படுத்துச்சு" என்று இரண்டு முறை கேட்டார். இப்போது சாயங்காலம் தொலைக்காட்சியில் விளம்பர இடைவேளை வந்தால் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது.